ஐந்து இஞ்ச் கேட்டு மூன்று இஞ்ச் உயர்த்திய கதை

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் மண் மாதிரி எடுப்பது என் வேலை. மழைக்காலத்தில் என் பழைய எஸ்.யூ.வி. இரண்டு முறை சேற்றில் அடிதட்டி நின்றுவிட்டது. அதனால் போன மாதம் ஒரு சனிக்கிழமை, வண்டியை உயர்த்த, கிள்ளானை அடுத்த மேருவுக்குப் போனேன். அம்மாவும் வந்தார். முழங்கால் சிகிச்சைக்கு வாரம் இருமுறை இதே வண்டியில்தான் போகிறார். அவரால் ஏற முடியாமல் போனால் எங்கள் வீட்டில் வேறு வண்டி இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் 7.40க்குக் கிளம்பினோம். கிள்ளானில் தோசை, தேநீர், இருவருக்கும் 14 ரிங்கிட். மொத்தம் 43 கிலோமீட்டர். 9.15க்கு ஒர்க்‌ஷாப் சேர்ந்தோம்.

உரிமையாளர் குமரன் அண்ணன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "வண்டிக்காரர் வரலையா தங்கச்சி?"

"நான்தான்," என்றேன், எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

"சாரி பாஸ்!"

சஸ்பென்ஷனில் மூன்று இஞ்ச், பாடி லிஃப்டில் இரண்டு இஞ்ச் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். "சஸ்பென்ஷன மாத்தினா அடியில இருக்கிற சேசிஸ் சட்டமும் சேர்ந்து ஏறும். பாடி லிஃப்ட்னா சேசிஸ் மேல கட்டை வச்சு பாடிய மட்டும் தூக்குறது. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். ரெண்டும் சேர்த்தா அஞ்சு இஞ்ச். முதல்ல ஆன்டி ஏறிப் பார்க்கட்டும், அப்புறம் கழட்டலாம்."

நான்கு சக்கரங்களுக்கும் அடியில் ஐந்து இஞ்ச் பலகை வைத்தார். அம்மா கைப்பிடியைப் பிடித்தார், ஒரே மூச்சில் ஏறிவிட்டார்.

"பார்த்தீங்களா? எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

குமரன் அண்ணன் ஸ்பேனரை எடுத்தார். சேலை இல்லாமல் வாசல் தாண்டாத அம்மா அன்று சல்வார்-கமீஸ் பஞ்சாபி சூட்டில் வந்திருந்தார். காலையில் கேட்டதற்கு 'வெயில்' என்றிருந்தார். எனக்கு இப்போதுதான் புரிந்தது.

"அண்ணே, நிறுத்துங்க. அம்மா எப்பவும் சேலைதான் கட்டுவாங்க."

"இவ எப்பவும் ஊமை மாதிரி இருப்பா," என்றார் அம்மா அவரிடம். "இதுக்கு மட்டும் வாய் வருது!"

குமரன் அண்ணனின் மனைவி உள்ளேயிருந்து ஒரு சேலை கொண்டுவந்து, சூட்டின் மேலேயே சுற்றிவிட்டார். இந்த முறை கொசுவம் தடுக்கியது. கால் படியைத் தொடவில்லை.

"அஞ்சே இருக்கட்டும். நான் பழகிக்குவேன்," என்றார் அம்மா.

"ஆன்டி, முட்டி பழகாது லா," என்றார் குமரன் அண்ணன்.

பலகைகளைக் குறைத்துக்கொண்டே வந்தோம். மூன்று இஞ்சில் அம்மா நிதானமாக ஏறினார், இறங்கினார். யாரும் கேட்காமலே இன்னொரு முறையும் ஏறினார். அதையே முடிவு செய்தோம்: சஸ்பென்ஷன் இரண்டு, பாடி ஒன்று. வேலைக்கு இரண்டு நாள், 4,300 ரிங்கிட்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். போக்குவரத்துத் துறை அனுமதியை முதலில் விசாரியுங்கள். பிரேக் குழாய் நீளம் போதுமா என்று கேளுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். பல கார் நிறுத்தங்களில் உயர வரம்பு 2.1 மீட்டர்தான். ஐந்து இஞ்ச் இருந்தால் ஆழமான சேற்றிலும் துணிந்து இறங்கியிருப்பேன், உண்மைதான். இப்போது அந்த இடங்களில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கிறேன். என்னால் நடக்க முடியும்.