அறைக்கு நாலு பேர்

விருதுநகரில் மியூச்சுவல் ஃபண்டு முகவராக இருக்கும் என்னிடம் அவர் ஒரே ஒருமுறை வந்தார். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். நகக்கண்களில் அலுமினியப் பொடி வெள்ளியாய்ப் படிந்திருந்தது. உள்ளே வருமுன் கதவின் இரும்புக் கம்பியில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கிய பிறகே வெடிமருந்து அறைக்குள் நுழைய வேண்டுமாம், அந்தப் பழக்கம்.

"பணம் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுறாதீக தம்பி" என்றார்.

பெரும்பகுதியை வங்கியிலும் நம் அரசுக் கடன் பத்திரங்களிலும் போடலாம் என்றேன். பத்தில் ஒரு பங்கு மட்டும் பிரேசில், இந்தோனேசியா போன்ற வளரும் நாடுகளின் கடன் பத்திரங்களை வாங்கும் ஃபண்டுக்கு.

"அதுல வட்டி கூட அண்ணாச்சி, ஆபத்தும் கூட. அதான் கொஞ்சமா. ஒண்ணு விழுந்தாலும் மத்தது நிக்கும்."

தலையாட்டினார். "எங்க கம்பெனியிலயும் அதான். அறைக்கு நாலு பேருதான். நடுவுல இடம் விட்டுத்தான் அடுத்த அறை. ஒண்ணு வெடிச்சாலும் மத்தது நிக்கணும்ல."

"எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீகளே" என்று சிரித்தேன்.

"தெரியும் தம்பி. பேசிக்கிட்டே வேலை பாக்குறோம்னு கேட்டாளுகன்னு, பொண்டாட்டியையும் மகளையும் நாந்தான் ஒரே அறையில போட்டேன். அவளுகளுக்கு வந்த நட்டஈட்டுப் பணந்தான் இது."

நான் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்திட்டார். வாரிசின் பெயரைக் கேட்கும் கட்டத்தில் பேனா நின்றது. பிறகு அதை எழுதாமலே காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

இத்தனை கவனமாகப் பிரித்துப் போட்ட பணம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை.