மேற்கே போன கலயம்

என் பிறந்த ஊர் ஆறு தினமும் இரண்டு முறை திரும்பி ஓடும். இதைச் சொல்லித்தான் பெங்களூரில் புளுகி என்று பெயர் வாங்கினேன்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அல்சூருக்கு மருமகளாக வந்தேன். புகுந்த வீட்டார் ஏரியைத் தவிர வேறு தண்ணீர் அறியாதவர்கள். ஏரி எங்கே போகும்? வைத்த இடத்தில் இருக்கும். சாயங்காலம் காப்பி கைக்கு வந்ததும் என் மாமனார் ஆரம்பிப்பார்.

"இன்னாம்மா, உங்க ஊர் ஆறு இன்னிக்கு எந்தப் பக்கம் ஓடுது?"

வீடே சிரிக்கும். நானும் சளைக்காமல் விளக்குவேன். சின்ன ஆறுதான். கிழக்கே ஓடி, கடலை நெருங்கியதும் குறுக்கே கிடக்கும் மணல்மேடு தாழ்ந்த இடத்தில் வாய் திறக்கும். கோடையில் அந்த வாய் தூர்ந்துவிடும், ஐப்பசி மழையில் உடைத்துக்கொள்ளும். வாய் திறந்திருக்கும் மாதங்களில் கடல் ஏறினால் ஆற்றுக்குள் உப்புத் தண்ணீர் மேற்கே வரும், மடவை மீன் துள்ளும். அது ஏற்றம். கடல் இறங்கினால் எல்லாம் கிழக்கே போய்விடும், சேற்றில் நண்டு நடமாடும். அது வற்றம். இதில் நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது?

மாமனார் படுக்கையில் விழுந்தபோதும் விடவில்லை. "என் சாம்பல அவ ஆத்துலயே விடுங்கடா. பொய்யா நெசமான்னு நானே பார்த்துக்கறேன்."

அப்படியே ஆயிற்று. மார்கழியில், மாமியாரை வீட்டில் விட்டுவிட்டு, என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனான மூத்தாரும் நானும் ரயிலேறிப் போனோம். சாம்பல் கலயத்தின் வாயைத் துணியால் கட்டி, மேலே சாமந்திச் சரம் சுற்றி, அப்படியே மிதக்க விடுவது அவர்கள் வழக்கம். முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"மாமா, இப்ப ஏத்தம். இப்ப விட்டா கடலுக்குப் போவாது. உச்சி சாயட்டும், வத்தத்துல விடலாம்" என்று மூத்தாரிடம் சொன்னேன்.

"ராகுகாலம் வந்துடும். ஆறுன்னா கடலுக்குத்தான் போவும். சும்மா பேஜார் பண்ணாதம்மா" என்றார் மூத்தார்.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கலயத்தை விட்டுக் கரையேறினார். "யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். என் அம்மா வீட்டுக்குப் போகும் பாதை ஆற்றங்கரையோடு மேற்கே போகிறது. நடந்தோம். கொஞ்ச தூரத்தில் வலப்பக்கம் தண்ணீரில் சாமந்தி தெரிந்தது. கலயம் எங்களோடு வந்தது, பிறகு எங்களை முந்தியது.

"மாமா, திரும்பிப் பாக்க வேணாம். முன்னாடி பாருங்க" என்றேன்.

பார்த்தார். கலயம் கண்டல் மரத்தின் வேரில் போய்ச் சிக்கி நின்றது. இனியாவது என் பேச்சு எடுபடும் என்று நிமிர்ந்து நின்றேன். அவரோ சேற்றில் தடாலென்று விழுந்தார்.

"அப்பா! எங்கள விட்டுப் போவ மனசு வரலியாப்பா!"

என் வீட்டுக்காரரும் பக்கத்தில் விழுந்து அழுதார். "இது ஏத்தங்க" என்றேன். "கொஞ்ச நேரம் வாய மூடு" என்றார். கற்பூரம் கொளுத்தினார்கள். உச்சி சாய்ந்ததும் தண்ணீர் திரும்பியது. கலயம் தானே வேரை விட்டுக் கிழக்கே போய்க் கண்ணுக்கு மறைந்தது. "நம்ம அழுகையக் கேட்டுட்டு, சரின்னு கெளம்பிட்டாரு" என்று மூத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அல்சூர் திரும்பியதும் தெருவே கூடிக் கதை கேட்டது. மாமனார் திரும்பி வந்தார் என்றார்கள். ஆறு திரும்பியது என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. கோபத்தில் ஒரு வாரம் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் அருகில் வந்து உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்.

"ஏண்டி, அந்த ஏத்தம்னு சொன்னியே. மறுபடி எப்ப வரும்?"

இந்த ஒரு கேள்விக்காக எத்தனை வருஷம் தொண்டை வறளப் பேசியிருப்பேன்! கேட்ட நேரத்தைப் பாருங்கள். போன கலயம் வராது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"தெனம் ரெண்டு வாட்டி வரும் அத்த" என்றேன்.