ரோஷன் பேகம் ஏற்றிய மேற்கோள்கள்

வாஞ்சிநாதனைக் கண்டாலே ரோஷன் பேகத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். பிளெய்ன்ஸ்பரோ என்ற அந்த அமெரிக்க ஊரில் அவர் பெரிய மனிதர்: மருந்துக் கம்பெனியில் மேனேஜர், மிச்ச நேரத்தில் இணையத் தமிழ் அகராதி ஒன்றின் நிர்வாகி. போதாததற்கு, ரோஷனின் கணவர் ஜைனுதீன் அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தார். 2007இல் ஜைனுதீனின் கிரீன் கார்டு பேப்பர் வாஞ்சிநாதன் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது.

ரோஷன் தமிழ் எம்.ஏ. ஆனால் அவள் விசாவில் வேலைக்குப் போக முடியாது. மகள் மஹாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, அகராதிக்கு மேற்கோள் ஏற்றுவாள். ஒரு சொல் அதில் நிற்க வேண்டுமானால் பழைய இலக்கியத்திலிருந்து ஒரு வரியாவது வேண்டும், பாட்டு எண்ணோடு. இல்லாவிட்டால் முப்பது நாளில் சொல்லையே தூக்கிவிடுவார்கள். இரண்டு வருடத்தில் ஆயிரத்துக்கு மேல் ஏற்றியிருந்தாள். பாதி சங்கப் பாட்டு, பாதி முஸ்லிம் புலவர்களின் காப்பியங்கள். அவள் வீட்டில் புழங்கும் பல சொற்களுக்கு அந்தக் காப்பியங்களை விட்டால் அகராதியில் வேறு சாட்சி கிடையாது.

ஒரு திங்கட்கிழமை காலை பார்த்தால், காப்பிய வரிகள் அத்தனையும் துடைத்தெடுத்தாற்போல் காணோம். காரணம்: 'மதநூல்'. நீக்கியவர் வாஞ்சிநாதன். அவர் ஏற்றிய கோயில் பாசுரங்கள் மட்டும் குத்துக்கல்லாட்டம் நின்றன. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

அந்தச் சனிக்கிழமை அபார்ட்மெண்ட் கிளப்ஹவுஸில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து. ரோஷன் நேராக அவரிடம் போனாள்.

“சார், நான் போட்ட மேற்கோளையெல்லாம் ஏன் டெலிட் பண்ணீங்க?”

“பர்சனலா எடுத்துக்காதீங்க ரோஷன். அதெல்லாம் ரிலிஜியஸ் டெக்ஸ்ட். கிளாசிக் இல்ல.”

“நீங்க போட்ட பாசுரம்?”

“அது லிட்ரேச்சர்மா.”

“அப்ப நான் ஏத்தின சங்கப் பாட்டையும் எடுத்துடுங்க.”

“அது எப்படி? அது எல்லாருக்கும் பொது. இது உங்க ஆளுங்களுக்கு மட்டும்தானே?” தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே திரும்பினார். “என்ன ஜைனுதீன், நான் சொல்றது தப்பா?”

ரோஷன் கணவரைப் பார்த்தாள். அந்தக் காப்பியங்களை அவள் தட்டச்சு செய்யும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு எண்ணைச் சரிபார்த்துக் கொடுத்தவர் அவர்தான்.

“இல்ல சார். சரிதான்” என்றார் ஜைனுதீன்.

கார் கிளம்பியதும் சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து மாட்டினாள்.

“அவர் அழிச்சத நாளைக்கே மறுபடி ஏத்திடுவேன்” என்றாள் பிறகு. “நீங்க சொன்னத எப்படிங்க அழிக்கிறது?”