தண்ணீர் போக விட்ட பக்கம்

மகளுக்குக் கலியாணம் பேசத் தொடங்கியதும் எனக்கு முதலில் வந்த கவலை மாப்பிள்ளையைப் பற்றியதல்ல, முற்றத்தைப் பற்றியது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடுதான் சீதனம். வருகிறவர்கள் பெண்ணை ஒரு தரம் பார்த்தால் வீட்டை ஒன்பது தரம் பார்ப்பார்கள். எங்கள் முற்றமோ வெறும் மணல். மச்சாள் தன் முற்றத்தில் சிவப்பும் சாம்பலுமாக இன்டர்லொக் கல் பதித்து, அதன்மேல் கதிரை போட்டு மகாராணி மாதிரி இருந்ததைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்த மணலைக் கண்டாலே எரிச்சல்.

இந்த வீடும் எனக்குச் சீதனமாக வந்ததுதான். அப்பா கட்டியது. என் கலியாணம் முடிந்ததும் அவரும் அம்மாவும் வளவின் பின் மூலையில் ஒற்றை அறை ஒன்றை எழுப்பிக்கொண்டு அங்கே போய்விட்டார்கள். அம்மாவும், பிறகு என் புருசனும் காலமான பிறகும் அப்பா அதிலேயே இருந்தார். மூன்று நேரமும் சாப்பாடு கொடுத்தேன். அதற்கு மேல் அவர் எதையும் கேட்கக்கூடாது என்று நினைத்தேன், அவரும் கேட்கவில்லை.

காத்தான்குடியிலிருந்து லொறியில் கல் வந்து இறங்கியது. சித்தாண்டியிலிருந்து மேசன் வந்தார். மணலை அள்ளி, கிரவல் கொட்டி இடித்து, நூல் கட்டும்போது கேட்டார்.

"அக்கா, வாட்டம் எந்தப் பக்கம் குடுக்கிற? மணல் எண்டா தண்ணியக் குடிச்சிரும். கல்லு குடிக்காது. எங்கயாவது ஓடித்தான் ஆகணும்."

முன்னால் விட முடியாது. தார் ஊற்றிக் காப்பெட் போட்ட பிறகு ரோடு எங்கள் முற்றத்தை விட உயரம். வலது பக்கம் அயல்வீடு. அந்தப் பெண்ணின் வாய்க்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது. இடது பக்கம் கிணறு. வாய்க்கால் மாதிரிக் கான் வெட்டிக் குழாய் போட்டு வெளியே விடலாம், வேலை இரண்டு நாள் கூடும் என்றார் மேசன். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது.

"பின்னால விடுங்க," என்றேன்.

"பின்னால ஐயாட அறை இரிக்கே."

"பின்னால தானே போகுது. பேசாமச் செய்யுங்க."

அப்பா அங்கேதான் இருந்தார். மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் மேசன் அதை அவர் கையில் கொடுத்திருந்தார். தன் வாசற்படியில் குந்தியிருந்து, குழாய்க்குள் தண்ணீர் அசையாமல் நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

"சரியா ஐயா?" என்றார் மேசன்.

"ஓம். இன்னும் ரெண்டு அங்குலம் இறக்கினாத்தான் நல்லா ஓடும்."

தன் வாசலுக்கு வெள்ளம் வர அவரே அளவு சொன்னார். எனக்கு வெட்கம் வரவில்லை. கரைச்சல் இல்லாமல் முடிந்ததே என்றுதான் இருந்தது.

மாப்பிள்ளை வீட்டாருக்கு முற்றம் பிடித்துக்கொண்டது. கலியாணப் பேச்சும் முற்றாயிற்று. பிறகு மாரி வந்தது. மழை விட்ட கொஞ்ச நேரத்திலேயே கல்லின்மேல் செருப்போடு நடக்கலாம், அவ்வளவு வடிவாகத் தண்ணீர் ஓடியது. அப்பாவின் அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். மதிலோரம் அடுக்கியிருந்த மிச்சக் கல்லில் எட்டை எடுத்து அவர் கட்டில் கால்களுக்குக் கீழே வைத்திருந்தார்.

"அது உடைஞ்சா மாத்துறத்துக்கு வச்ச கல்லு அப்பா," என்றேன்.

அவர் எட்டையும் எடுத்துக் கிணற்றடியில் கழுவி, பழைய இடத்தில் அடுக்கினார். மறுநாள் காலை ஒரு பையோடு கேற்றடியில் நின்றார்.

"தேற்றாத்தீவில சின்னவளோட கொஞ்ச நாள் இருந்திட்டு வாறன் புள்ள."

வரவில்லை. ஒரு தரம் தங்கச்சி வீட்டுக்குப் பார்க்கப் போனேன். நான் செய்தது பாவம் என்று சொல்லத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டு, "மழைக்குக் கல்லு ஒண்டும் கீழ இறங்கல்லையே?" என்று கேட்டார். "இல்லப்பா," என்றேன். சொல்ல வந்ததோடேயே பஸ் ஏறினேன். அடுத்த மாரிக்கு அவர் இல்லை.

கலியாணம் நடந்தபோது மருமகனுக்குக் கொழும்பில் வேலை. வீட்டை மகள் பெயருக்கு எழுதினாலும் இருக்கப்போவது நான்தான் என்பது என் நினைப்பு. கலியாணமாகி ஆறாம் மாதம் அவருக்கு மட்டக்களப்புக்கு இடமாற்றம் வந்தது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. எங்கள் வழக்கம் சொல்லிற்று. கட்டிலைத் தூக்கிக்கொண்டு பின் அறைக்கு வந்தேன்.

மழை தொடங்கியதும் மகளிடம் போனேன். "ஒரு வரிசக் கல்லக் கிளப்பி, கான் வெட்டிக் குழாய் போடுவமா?"

"பின்னால தானே போகுது அம்மா," என்றாள். "வடிவா இரிக்கிற கல்ல ஏன் கிளப்புற?"

சண்டைக் குரலில்லை. அன்று மேசனிடம் பேசிய என் குரலேதான்.

அன்று பின்னேரம் கட்டிலடிக்குத் தண்ணீர் வந்தது. அப்பா கழுவி அடுக்கிய எட்டுக் கல்லும் மதிலோரம் அப்படியே இருந்தன. எடுக்கக் குனிந்தேன், எடுக்காமல் நிமிர்ந்தேன். குசினி யன்னலடியில் போய், அந்தக் கல்லை எடுக்கலாமா என்று மகளிடம் கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை மழையில் நின்றேன்.