காரியப் பணத்தில் ஒரு பி.எட்.

மகன் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு பைகளுமாகப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினான். நாலாம் நாள் காலையில், இட்லி சாப்பிட்டுக்கொண்டே, பி.எட். படிக்கப் போவதாகச் சொன்னான். வயது முப்பத்தேழு. பட்டாளத்தில் இருந்தபடியே தபால் வழியில் பி.ஏ. வரலாறு முடித்திருந்தான். அரியலூர் ரோட்டில் ஒரு கல்லூரியில் இடமும் பிடித்துவிட்டானாம். வெள்ளிக்கிழமைக்குள் முதல் வருஷப் பணம் ஐம்பதாயிரம் கட்ட வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

பட்டாளத்திலிருந்து வர வேண்டிய பணம் இன்னும் வரவில்லை. ஏதோ ஒரு காகிதத்தில் ஒரு முத்திரை விட்டுப்போயிருந்ததாம். அவன் சேமிப்பெல்லாம் தங்கச்சி கல்யாணக் கடனை அடைக்கப் போயிருந்தது. வழக்கமாக நாலு இட்லி சாப்பிடுகிற நான் அன்று இரண்டோடு எழுந்துவிட்டேன்.

வீட்டில் இருந்தது ஒரே பணம். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றபோது நான் பேங்கில் டெபாசிட் போட்டது. அது என் காரியத்துக்கான பணம். எடுத்துப் போடுகிற நேரத்தில் பிள்ளை கடனுக்கு அலையக் கூடாது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் இப்படி வைத்திருப்பார்கள். மற்றவர்கள் தோராயமாக வைப்பார்கள். நான் பந்தல், கொட்டு, பூப்பல்லக்கு, பதினாறாம் நாளுக்கு முந்நூறு இலை என்று தனித்தனியாகப் போட்டு, விலைவாசி ஏற ஏறக் கூட்டிக்கொண்டு வந்தேன். மகன் எல்லையில் இருந்ததால் எனக்கு ஒரு செலவு அதிகம். அவன் இரண்டு ரயில் மாறி வந்து சேரும்வரை என்னை வைத்திருக்கக் குளிர்பெட்டி, மூன்று நாள் வாடகை.

அதை எடுக்கலாம் என்று முதலில் சொன்னவள் என் மனைவி.

"ஏங்க, நாளைக்கேவா போவப் போறீங்க? தலவலின்னுகூட படுக்கறதில்ல."

போன வாரம் நெஞ்சு ஒரு மாதிரி இருந்ததே என்றேன். அது வேர்க்கடலை என்றாள்.

மகன்தான் சம்மதிக்கவில்லை. பனிமலையில் துப்பாக்கியோடு நின்றவன், அப்பாவின் காரியப் பணத்தைத் தொட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தான். ஒரு வருஷம் ஏ.டி.எம். காவலுக்குப் போய், பணம் சேர்த்து, அடுத்த வருஷம் படிக்கிறேன் என்றான். எங்கள் ஊரில் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் நாலு பேர். நாலு பேரும் ஒரு வருஷம் என்று சொல்லித்தான் காவலுக்குப் போனார்கள். நாலு பேரும் இன்னும் ஏதாவதொரு கதவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்தாவது நாற்காலி என் கண்ணுக்குத் தெரிந்தது.

புதன்கிழமை சாயங்காலம் இருவரையும் உட்கார வைத்து, என் காரியத்தில் எதையெதைக் குறைக்கலாம் என்று வாய்விட்டுக் கணக்குப் போட்டேன். பூப்பல்லக்கு வேண்டாம் என்றதும் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. எதிர் வீட்டுப் பெரியவருக்கே பல்லக்கு வைத்தார்களாம். இலையில் ஐம்பதைக் குறைத்தேன். எங்க ஆளுங்கதானா ஒங்களுக்குக் கெடச்சாங்க என்றாள். அடுத்தது குளிர்பெட்டி. அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மகன் தலையைத் தூக்கினான்.

"பொட்டி எதுக்குப்பா? நான்தான் வந்துட்டேன்ல."

குளிர்பெட்டியைக் கணக்கிலிருந்து எடுத்தேன். ஐம்பதாயிரத்துக்கு முன்னால் மூன்று நாள் வாடகை ஒன்றுமேயில்லை. ஆனால் தன் வாயால் ஒன்றைக் குறைத்தவன், அதற்குமேல் வேண்டாமென்று சொல்ல முடியாமல் மாட்டிக்கொண்டான். ஒரே ஒரு நிபந்தனை வைத்தான்.

"படிப்பு முடியற ரெண்டு வருஷமும் ஒங்களுக்கு லீவு கெடையாது. சொல்லாம கொள்ளாம கெளம்பக் கூடாது."

"மெடிக்கல் லீவு?"

"நான் சாங்ஷன் பண்ணுனாத்தான்."

வியாழக்கிழமை பேங்கில் இருந்த பெண், கெடு முடியும் முன்னே ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டாள். சாவுச் செலவுக்கு வைத்திருந்தேன் அம்மா, இப்போது அவசரமில்லை என்றேன். அவள் படிவத்தை என் பக்கம் தள்ளினாள். வட்டியில் எவ்வளவு போகிறது என்று மட்டும் அவளை இரண்டு தடவை கணக்குப் பார்க்க வைத்தேன்.

வெள்ளிக்கிழமை கல்லூரியில் எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர். என் மகனைவிட நாலைந்து வயது மூத்தவர்கள் சிலர் தங்கள் பெண்களைச் சேர்க்க வந்திருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் கவுண்டரில் இருந்த அம்மாள் என்னையும் பார்த்து, அவனையும் பார்த்தாள்.

"புள்ள வரலீங்களா சார்?" என்று அவனைக் கேட்டாள்.

அவன் குதிகாலைச் சேர்த்து நின்றான். "நான்தான் மேடம்."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான். நான் வீட்டில் மூன்று முறை எண்ணிய பணத்தை அந்த அம்மாள் எந்திரத்தில் ஒரே முறை விட்டாள். இன்னொரு முறை விடச் சொன்னேன்.

ரசீது கொடுத்த பிறகு, விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தை விட்டுவிடுங்கள், இந்த வயசில் அது தேவையில்லை என்றாள். தேவை என்று சொல்லி, காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். கீழே உறவுமுறை கேட்டிருந்தது. தந்தை என்று எழுதினேன். பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது; 'உயிருடன்' என்றும் எழுதினேன்.

அந்த அம்மாள் அதை வாசித்தாள். கோடு போட்டு அடிக்கவில்லை.