பின்னங்காலுக்கு ஒரு ரசிகை

இன்று மூட்டுவலிக்காகக் காந்திபுரத்தில் பிசியோதெரபிக்குப் போயிருந்தேன்.

"ரெண்டு காலையும் நல்லா உதறுங்க சார்" என்றார் அங்கிருந்த அம்மணி.

வலதை இரண்டு முறை, இடதை ஒரு முறை உதறி, தரையில் லேசாகத் தட்டினேன். எனக்கு அப்படித்தான் உதற வரும்.

அவர் சிரித்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார். சின்ன வயசுல எங்க காங்கேயத்துக் கேபிள் டிவில, ஞாயித்துக்கிழமையானா குழந்தைங்க காமெடி போடுவாங்க. அதுல ஒரு மாடு இப்படியேதானுங்க உதறும்."

அந்த மாட்டு வேஷத்துக்குள் இரண்டு பையன்கள். தலை, முன்னங்கால், வசனம் எல்லாம் குமரேசன். பின்னங்காலும் வாலும் நான். பெயர் போடும்போது 'மாடு: குமரேசன்' என்று மட்டும் வரும். வீட்டில் எல்லோரும் பார்த்துவிட்டு, "நீ எங்கடா வந்தே?" என்பார்கள். அந்தக் கடுப்பில்தான் அவன் வசனம் பேசும்போதெல்லாம் பின்னால் நின்று உதறுவேன்.

"அது நானுங்க" என்றேன்.

நம்பாமல் மறுபடி உதறச் சொன்னார். உதறினேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"அப்போ கால் ஒடிஞ்சு மாவுக்கட்டு போட்டிருந்தாங்க சார். கட்டைப் பிரிச்ச பொறகும் காலை ஊனவே பயந்துட்டு உக்காந்திருந்தேன். அந்த மாட்டைப் பாத்துத்தானுங்க எந்திரிச்சு நானும் உதறுனேன். முன்னாடி தலை என்ன பேசுச்சுன்னே ஞாபகமில்லீங்க."

கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

நன்றி அம்மணி. மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் லிஃப்ட் வேண்டாமென்று படியில்தான் இறங்கி வந்தேன்.

குமரேசா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். தலை உனக்கு, ரசிகை எனக்கு. மறுப்பு இருந்தால் கமெண்டில் வா.