அருளப்பு அண்ணை வாசித்த பெயர்

அருளப்பு அண்ணை இறந்ததை பாரிஸில் ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலைப் பார்த்துத்தான் அறிந்தேன். ஊர்ச்சங்கத்தார் எல்லோரிடமும் என் இலக்கம் இருக்கிறது. ஒருவர்கூட அழைக்கவில்லை. 'சங்கத்தின் தூண்' என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தூணை எங்கே சாய்த்து வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லுக்கு மகளிடம் வருமுன் அவர் ஸ்கொட்லாந்தில் ஒரு சின்னக் கிராமத்தில் இருபது வருடம் பலசரக்குக் கடை நடத்தினார். நம்மவர்கள் சீண்டுவார்கள்:

"என்ன அண்ணை, அங்கை ஆம்பிளையள் கட்டுற பாவாடை கொண்டு வரேல்லையோ?"

"கொண்டு வந்தனான். உங்கடை தலைவருக்குத்தான் அளவு காணாது."

அந்த ஊரைப் பற்றி அவர் அதிகம் பேசியது சந்தியில் நின்ற கல்லைப் பற்றித்தான். முதல் உலகப் போரில் இறந்த ஊர்ப்பிள்ளைகளின் பெயர்கள் அதில் அகரவரிசையில் இருந்தன. ஒருவனுடைய பெயர் மட்டும் இல்லை. போர்முனையை விட்டு ஓடினான் என்று சொந்தப் படையே அவனைச் சுட்டிருந்தது. பல தலைமுறை கழித்து, ஊர் மண்டபத்தில் கூடிச் சண்டைபோட்டு, அவனையும் சேர்த்தார்கள். இடமில்லாததால் அவன் பெயரைப் பட்டியலின் அடியில் வெட்டினார்கள்.

"அதுதான் எனக்குப் பிடிக்கேல்லை. அவன்ரை இடத்திலை வெட்டியிருக்க வேணும்" என்பார்.

எங்கள் சங்கம் ஊர் வரலாற்று மலர் போட்டபோது, நம் நாட்டுப் போரில் இறந்தோர் பட்டியலை அவரிடம் ஒப்படைத்தார்கள். என் தமையன் மரியதாசனை அவர் சேர்த்தார். அவனைத் துரோகி என்று சுட்டவர்கள் நம்முடைய இயக்கத்தாரே. அந்தப் பெயரை எடுத்துவிடும்படி சங்கத் தலைவர் சொன்னார்.

"அந்த ஊர்ச்சனங்கள் கல்லிலையே வெட்டினதுகள். இது வெறும் கடுதாசி. இதுக்கும் பயமோ?" என்றார் அண்ணை.

ஒன்றுகூடலில் பட்டியலை வாசித்தார். 'மரியதாசன்' என்றதும் ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். அவர் அந்தப் பெயரை இன்னொருமுறை உரக்கச் சொல்லிவிட்டு, மிச்சத்தையும் வாசித்து முடித்தார். நான் நாலாவது வரிசையில் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலர் அவன் பெயரில்லாமல் வந்தது. பிறகு எந்தக் கூட்டத்துக்கும் அண்ணையை அழைக்கவில்லை. ஒருநாள் லா சப்பல் மெத்ரோ நிலைய வாசலில் என்னைக் கண்டு, அந்தப் பட்டியலை என் கையில் வைத்தார்.

"அண்டைக்கு நீ எழும்புவாய் எண்டு பாத்தனான், தம்பி."

குரலில் கோபமில்லை. கோபித்திருந்தால் நானும் திருப்பிக் கோபித்திருப்பேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, ஒன்றுகூடல் நடந்த அதே மண்டபத்தில் அவருக்கு அஞ்சலிக் கூட்டம். தலைவர் பேசுவார், கண்கலங்கவும் செய்வார். என்னிடம் இருப்பது நாலாய் மடித்த ஒரு தாள். அதில் என் தமையன் அடியில் இல்லை, அவனுடைய இடத்தில் இருக்கிறான். எனக்குப் பலர்மேல் கோபம் உண்டு. அந்த நாலாவது வரிசைக்காரன்மேல்தான் அதிகம். ஞாயிறு அவன் எழும்புவான்.